பதில் தெரிந்த கேள்விகள்

அந்த வாரம் மழை விடவே இல்லை. சலவைக்கடைக்காரர்களுக்கு மழைக்காலம் என்பது, வந்த விருந்தாளி கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே சபிக்க வேண்டும். உலர்த்தும் அறையில் கொடிக்குக் கொடி ஈரம் தொங்கியது. மின்விசிறிகள் அதே ஈரக்காற்றைத் திருப்பித் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தன. பின்கட்டில் துவைக்கும் இயந்திரம் தடதடவென்று அதிர, அந்த அதிர்வு தரை வழியாக முன்மேசை வரை வந்தது.

அத்தை முன்மேசையில் நிமிர்ந்து நின்றாள். அவள் உட்கார்ந்து வியாபாரம் பார்த்ததை யாரும் கண்டதில்லை. விறைப்பாக இஸ்திரி போட்டு மாட்டிய முதுகு அது. கடை அவளுடைய அப்பா தொடங்கியது. இன்றைக்குத் துவைப்பது தம்பி, இஸ்திரி போடுவது தம்பி மனைவி என்றாலும் கடைக்கும் வீட்டுக்கும் தலை அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியின் ஒரே மகளைத் தன் மகளாகவே வளர்த்தாள். அந்தப் பெண் அத்தை என்று கூப்பிட, தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

மேசைக்கு எதிரே ஒருவன் வெள்ளைச் சட்டையைச் சுருட்டி வைத்தான்.

"என்ன கறை?" என்றாள் அத்தை.

"சாதாரணக் கறைதாங்க."

"கறையில சாதாரணம் ஏது? டீயா, எண்ணெயா, மையா, முட்டையா?"

"சரியாத் தெரியலயே."

"உங்க நெஞ்சு மேல விழுந்தது உங்களுக்குத் தெரியாம எனக்கா தெரியும்? ரத்தமா இருந்து நான் பாட்டுக்கு வெந்நீர்ல போட்டேன்னு வைங்க, அது சட்டையோட குடித்தனம் நடத்த ஆரம்பிச்சிடும். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ரத்தம்தான். மூக்குல. மச்சானோட ஒரு சின்னப் பேச்சுவார்த்தை."

"அதைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா? பச்சைத்தண்ணி!" என்று பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்துச் சட்டையைத் தம்பி பக்கம் எறிந்தாள்.

அவன் போனதும் தொலைபேசி அடித்தது. மகள் படிக்கிற கல்லூரியிலிருந்து பேசினார்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது நாளைக்கு வந்துவிட்டுப் போக முடியுமா?

எதற்கு என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அத்தை அதை விழுங்கினாள். "வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

போர்வை வாங்க வந்த அச்சகத்தம்மா மேசை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். எதிர்வரிசையில் அச்சகம் வைத்திருப்பவருடைய மனைவி. அவளுக்கு இரண்டு காது போதாது.

"யாரு அத்தை, போன்ல?"

"பாப்பா காலேஜ்ல இருந்து."

"என்னவாம்?"

"என்ன இருக்கும்? வகுப்புலயே முதல்ல நிக்கறா. அதைச் சொல்லக் கூப்பிடறாங்களோ என்னமோ."

அத்தை அதைப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. பெண் கல்லூரி விட்டு வந்ததும் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். ஊர் சுற்றுவதில்லை, வாயாடுவதில்லை. இப்படி இருக்கிற பெண் முதலில் நிற்காமல் வேறு எங்கே நிற்பாள்? அன்று மாலைக்குள் அச்சகத்தம்மா புண்ணியத்தில் தெருவின் இரண்டு முனைக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் அத்தை இருப்பதிலேயே நல்ல உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, குடை பிடித்துப் போனாள். மின்னியல் துறை எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிக் கண்டுபிடித்தபோது பாதம் நனைந்து, மூச்சு வாங்கியது. ஆசிரியை அவளைவிட ரொம்ப இளையவள். அறை மூலையில் கூரை ஒழுகி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உக்காருங்கம்மா. உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு."

"தெரியும். நாங்க வளர்த்தது."

ஆசிரியை சிரித்தாள். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "எங்க துறையில ஒரு முறை வெச்சிருக்கோம். நாலு நாலு பேரா ஒரு மேசை. வாரம் ஒருத்தர் ஒரு பாடத்தை மத்த மூணு பேருக்கும் சொல்லித் தரணும். கேக்கறவங்க குறுக்கே கேள்வி கேக்கணும். சொல்லித் தர்றதுக்கும் மார்க் உண்டு, கேள்வி கேக்கறதுக்கும் மார்க் உண்டு."

"கேள்வி கேக்கறதுக்கா மார்க்?"

"ஆமாம்மா. உங்க பொண்ணு இந்தப் பருவம் பூரா ஒரு கேள்வி கேக்கல."

அத்தைக்கு முகம் மலர்ந்தது. "எங்க வீட்டுலயே அப்படித்தாங்க. யார்கிட்டயும் போய்க் கேட்டு நின்ன பழக்கம் கிடையாது."

ஆசிரியை மதிப்பெண் ஏட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, அவளுக்குக் கேள்வியில மார்க் பூஜ்யம். சொல்லித் தர்றதுலயும் புத்தகத்தை அப்படியே ஒப்பிக்கறா. மேசையில இருக்கற மத்த மூணு பேரும் அவளை மாத்திடுங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டாங்க. வேற எந்த மேசையும் எடுத்துக்கத் தயாரா இல்ல. மேசை இல்லன்னா பருவத் தேர்வு எழுத முடியாது. வர்ற புதன்கிழமை நான் முடிவு பண்ணியாகணும்."

"ஒரு பொண்ணு வாயாடலைங்கறது ஒரு குத்தமா?"

"குத்தம்னு சொல்லலம்மா. நாங்க இங்க சொல்லித் தர்றது கொஞ்சம்தான். நாளைக்கு வேலைக்குப் போவா. புதுசு புதுசா மெஷின் வரும். அப்ப புத்தகம் பக்கத்துல இருக்காது, ஆளுங்கதான் இருப்பாங்க. சாகற வரைக்கும் பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டும், அவங்களுக்குச் சொல்லியும்தான் கத்துக்க முடியும். அந்தப் பழக்கம் இப்ப வரலைன்னா எப்ப வரும்?"

அத்தை எழுந்தாள். அவமானம் என்பது அவளுக்குக் காலில் ஆரம்பித்து மேலே ஏறுகிற ஒன்று. முழங்காலுக்கு வந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். குடையை விரிக்க மறந்து பாதித் தூரம் நனைந்தே நடந்தாள். முதலில் நிற்கிறாள் என்று தெருவே பேசிக்கொண்டிருக்கிறது. இவளோ நிற்க இடமில்லாமல் நிற்கிறாள்.

அன்று சாயங்காலம் கடையை அடைத்தபின், நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் வேகவைத்த உருளைக்கிழங்கும். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பேசப் பிறந்தவன் இல்லை அவன். இயந்திரச் சத்தத்தில் வாழ்ந்து வாழ்ந்து, பேசினாலும் பயனில்லை என்ற முடிவுக்கு எப்போதோ வந்தவன்.

"அந்தப் பசங்க யாரு? இவளைத் தள்ளி வைக்க அவங்களுக்கு என்ன தகுதி?" என்றாள் அத்தை. கையில் தட்டோடு எழுந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். சமையல் மேடைக்கும் வாசலுக்கும் இடையே அவள் நடை ஓயவில்லை.

"உக்காருங்க அண்ணி. சோறு ஆறுது" என்றாள் தம்பி மனைவி. "அவங்க தள்ளி வைக்கட்டும், வைக்காம போகட்டும். முதல்ல இவளைக் கேளுங்க. ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்க வேண்டியதுதானே?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளை ஏன் விரட்டற? நிறைகுடம் தளும்பாது."

"காலிக் குடமும்தான் தளும்பாது அண்ணி."

தம்பி இருமினான். அது சிரிப்பு. அத்தை திரும்பிப் பார்த்ததும் உண்மையிலேயே இருமல் ஆக்கிக்கொண்டான்.

"எங்க அப்பா இந்த ஊருக்கு வந்த புதுசுல," என்று அத்தை ஆரம்பித்தாள். இந்தக் கதையை அந்த வீட்டில் சுவருக்கும் தெரியும். "ஒரு வீட்டுக்குத் துணி கொண்டு போகணும். வழி தெரியாது. யாரையாவது கேட்டாரா? ஒரு மத்தியானம் பூரா நடந்தார். தானாவே கண்டுபிடிச்சுக் கொண்டு போய்க் கொடுத்தார்."

"அந்த வீடு நம்ம கடைக்குப் பின்னாடி சந்துல இருந்துச்சு" என்றாள் தம்பி மனைவி. "அதையும் சேத்துச் சொல்லுங்க."

"இருக்கட்டுமே. யார் முன்னாடியும் தெரியாதுன்னு நிக்கலையே."

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

"தவளையும் தன் வாயாலதான் கெடும்."

"கடைக்கு வர்றவங்களை மட்டும் என்ன கறை, எப்ப விழுந்தது, யார் கையால விழுந்ததுன்னு துருவித் துருவிக் கேக்கறீங்க. அவங்க மானம் மானம் இல்லையா?"

"அது தொழில்."

"இவளுக்குப் படிப்பு தொழில் இல்லையா?"

அத்தை நடையை நிறுத்தினாள். பெண்ணிடம் வந்து நின்றாள். "நீ சொல்லு பாப்பா. ஏன் கேக்கல?"

பெண் உருளைக்கிழங்கை விரலால் நசுக்கினாள். "கேட்டா எனக்குத் தெரியலைன்னு தெரிஞ்சிடும் அத்தை."

அது நியாயமான பதிலாகவே அத்தைக்குப் பட்டது. அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் புதன்கிழமை நியாயம் பார்க்காது. தட்டை வைத்துவிட்டு ஈரக் கொடிகளுக்கு நடுவே போய் நின்று யோசித்தாள். நிற்கவும் முடியவில்லை. காய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு துணியாகத் தொட்டுக்கொண்டே போனாள். எதுவும் காய்ந்திருக்கவில்லை. கடைசிக் கொடிக்கு வந்தபோது யோசனை வந்துவிட்டது.

யோசனை இதுதான். அந்த மூன்று பேரையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைப்பது. வீட்டைப் பார்த்தால், மனிதர்களைப் பார்த்தால், இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணைத் தள்ளிவைக்க எவனுக்கும் மனசு வராது. அதோடு கேள்வி வேண்டும் என்கிறார்களே, கேட்டால் போயிற்று. ஆனால் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது.

"நல்லதா மூணு கேள்வி தயார் பண்ணிக்கோ" என்றாள் பெண்ணிடம். "ஒவ்வொண்ணுக்கும் பதில் உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கணும்."

"பதில் தெரிஞ்சா எதுக்கு அத்தை கேக்கணும்?"

"மார்க் கேள்விக்குத்தானே? தெரிஞ்சதைக் கேட்டா மானமும் போகாது, மார்க்கும் வரும்."

அழைப்பைச் சீட்டாக எழுதிப் பெண்ணின் கையிலேயே கொடுத்தனுப்பினாள். இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில் தம்பி மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டே நிற்க, பெண் கேள்விகளை ஒப்பித்தாள். மின்னோட்டத்தை எந்த அலகில் அளக்கிறோம்? மின்மாற்றியின் பாகங்கள் யாவை? அத்தை சுற்றிச் சுற்றி வந்து, "சந்தேகம் வந்த மாதிரி முகத்தை வெச்சுக்கோ. அவ்வளவு இல்ல. கொஞ்சமா. பெரிய இடத்துச் சந்தேகம் மாதிரி" என்று திருத்தினாள்.

"பெரிய இடத்துச் சந்தேகம் எப்படிடி இருக்கும்?" என்று தம்பி மனைவி மகளைக் கேட்டாள். நீராவி குப்பென்று எழுந்து அவள் முகத்தை மறைத்தது. "நம்ம வீட்டுல ஒண்ணு கூடப் பார்த்ததில்லயே."

பெண் சிரித்துவிட்டாள். அத்தை முறைத்தாள். முறைத்த பிறகுதான், அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமையும் மழைதான். கடைக்கு விடுமுறை. பின்கட்டு வீட்டில் ஆறேழு பேர் உட்கார இடமில்லை. அதனால் முன்னால் இருக்கிற பெரிய இஸ்திரி மேசையையே துடைத்து, வெள்ளை விரிப்புப் போட்டு, சுற்றி நாற்காலிகள் வைத்தாள் அத்தை. புழுக்கம் தாங்காமல் வாசலை மட்டும் பாதி திறந்து வைத்தாள். ரொட்டியும் பிஸ்கட்டும் தட்டுகளில் ஆளுக்கு இவ்வளவு என்று அடுக்கப்பட்டன.

மூன்று பேரும் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்கள். ஒருவன் கதவில் தலை இடிக்கிற நெட்டை. இன்னொருவன் கண்ணாடி, உள்ளே இருந்த புழுக்கத்தில் அது மங்கிவிட, துடைத்துத் துடைத்து மாட்டினான். மூன்றாவது ஒரு பெண். வந்த நிமிஷத்திலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். அத்தை மனசுக்குள் அவளுக்கு லொடலொட என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ஐயோ, இவ்வளவு பெரிய இஸ்திரி மேசையா! இதுல படுத்தே தூங்கலாம் போலிருக்கே. ஏய் சைலன்ஸ், நீ சொல்லவே இல்லையே, உங்க வீட்டுல இவ்வளவு மெஷின் இருக்குன்னு!"

"யாரு சைலன்ஸ்?" என்றாள் அத்தை.

லொடலொட நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சும்மா செல்லமா அத்தை. நான் பேசிக்கிட்டே இருப்பேனா, என்னை ரேடியோம்பாங்க."

டீ குடித்தார்கள். தம்பி ஒரு மூலையில் நின்று எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினான். அத்தை கண்ணைக் காட்ட, பெண் கையைக் கோத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். மின்னோட்டத்தை எந்த அலகுல அளக்கறோம்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்ணாடிக்காரன் பொறுமையாகப் பதில் சொன்னான். அடுத்து மின்மாற்றியின் பாகங்கள். அதற்கும் அவனே பதில் சொன்னான், குரல் கொஞ்சம் இறங்கி. மூன்றாவது கேள்விக்குப் பெண் வாயைத் திறந்தபோது நெட்டை கோப்பையைக் கீழே வைத்தான்.

"இதெல்லாம் உனக்குத் தெரியும்ல?"

பெண் அத்தையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சதைக் கேட்டா நாங்க என்ன பண்றது?" என்றான் நெட்டை. மோசமாகச் சொல்லவில்லை, சலிப்பும் வருத்தமுமாகச் சொன்னான். "உன் மேல எங்களுக்கு ஒண்ணும் கோபம் இல்ல. ஆனா நாங்க சொல்றது உனக்குப் போகுதா, போகலையான்னே தெரிய மாட்டேங்குது. சுவரைப் பார்த்துப் பேசற மாதிரி இருக்கு. நீ எதுவும் கேக்காததால எங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னும் எங்களுக்கே தெரியல."

"எங்க வீட்டுப் பொண்ணு சுவரா?" அத்தையின் குரல் உயர்ந்தது. "இந்தத் தெருவுல எங்களைப் பத்தி விசாரிச்சுப் பாருங்க. எங்க அப்பா காலத்துல இருந்து யார் வாசல்லயும் போய் நின்னதில்ல. வீட்டுக்கு வந்து, டீ குடிச்சிட்டு, சுவருங்கறீங்க."

"அத்தை, அவன் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றாள் லொடலொட. ஆனால் எழுந்துவிட்டாள். கண்ணாடிக்காரனும் எழுந்தான். நெட்டை குடையைத் தேடினான். வெளியே மழை வலுத்து வாசற்படியில் தெறித்தது. போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் மூன்று பேரும் நின்றார்கள். தம்பி மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமே புரியல!"

கத்தியது அந்த வீட்டுப் பெண்தான். அவளுக்கு அவ்வளவு குரல் உண்டு என்பது பெற்றவளுக்கே தெரியாது. "முதல் நாள்ல இருந்து புரியல. மாறுமின்னோட்டம்னு ஆரம்பிச்சப்பவே புரியல. முன்னாடி போகுது, பின்னாடி வருது, முன்னாடி போகுது, பின்னாடி வருதுன்னு நீங்க எல்லாரும் தலையாட்டறீங்க. போனது திரும்பி வந்துடுதுன்னா, இதோ இந்த இஸ்திரிப்பெட்டி எப்படிச் சூடாகுது? உள்ள வந்தது நிக்கவே இல்லையே! இதைக் கேட்டா எல்லாரும் சிரிப்பீங்கன்னு கேக்கல. அது புரியாம அதுக்கு மேல எதுவுமே ஏறல. மனப்பாடம் பண்ணி மனப்பாடம் பண்ணி எனக்குத் தலை வெடிக்குது."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள்.

சிரிப்பு வரவில்லை. கண்ணைத் திறந்தபோது நெட்டை குடையை மேசை மேல் வைத்துவிட்டு இஸ்திரிப்பெட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமால்ல" என்றான்.

"என்ன ஆமால்ல? சூத்திரம் இருக்குல்ல" என்றாள் லொடலொட.

"சூத்திரம் போட்டா விடை வருது. ஏன் சூடாகுதுன்னு அவ கேக்கறா. நீ சொல்லேன்."

லொடலொட வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ரேடியோ நின்றுபோனது.

"முன்னாடி போறப்ப சூடாகும், பின்னாடி வர்றப்ப ஆறிடுமோ?" என்றான் கண்ணாடி.

"அப்ப பெட்டி சூடே ஆகாதே, மூளை!" என்றான் நெட்டை.

"கத்தாத. யோசிக்கறேன்ல."

மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததை அவர்களே கவனிக்கவில்லை. பேச்சு மேலும் கீழும் பாய்ந்தது. ஒருவர் சொல்ல இன்னொருவர் மறுக்க, பெண் நடுவில் புகுந்து "இல்ல, அது எப்படி?" என்றாள். இன்னொரு முறை "இல்ல, எனக்கு இன்னும் புரியல" என்றாள். இரண்டாம் முறை சொன்னபோது முதல் முறை இருந்த நடுக்கம் இல்லை. கண்ணாடிக்காரன் நனைந்த குளிருக்கோ என்னவோ உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தவன், சட்டென்று நிறுத்தினான். தன் கையையே பார்த்தான்.

"இதோ. கையைத் தேய்க்கறோம். முன்னாடி போறப்பவும் சூடு, பின்னாடி வர்றப்பவும் சூடு. எந்தப் பக்கம் போனா என்ன? உரசல்தானே சூடு! கம்பிக்குள்ள முன்னயும் பின்னயும் ஆடறப்ப உரசுது."

நால்வரும் கையைத் தேய்த்துப் பார்த்தார்கள். மூலையில் நின்ற தம்பியும் தேய்த்துப் பார்த்தான்.

"அப்ப அது வந்து நிக்கவே வேண்டாம்!" என்றாள் பெண். முகம் முழுக்க வெளிச்சம். "இருந்த இடத்துலயே ஆடினாப் போதும்!"

"அவ்வளவுதான். இத்தனை நாளா இதை எனக்கே தெரியாமதான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேனா நான்?" என்றான் நெட்டை.

"அப்படின்னா," என்று ஒரு குரல் கேட்டது. "இருந்த இடத்துலயே ஆடற சாமானுக்கு, உள்ள வந்து தங்காத சாமானுக்கு, நான் ஏன் மாசாமாசம் காசு கட்டறேன்?"

எல்லோரும் திரும்பினார்கள். கேட்டது அத்தை.

கேட்டுவிட்டோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. வாயை விட்டுப் போனதைப் பிடித்து உள்ளே போட வழியில்லை. பதில் தெரியாத கேள்வி. சின்னப் பிள்ளைகள் முன்னால். தம்பி மனைவி கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"அட!" என்றாள் லொடலொட. "இதுக்கு யாருக்காவது பதில் தெரியுமா?"

"ஏதோ நமக்கு வருதுதான். இல்லன்னா சூடு எங்கிருந்து வருது? ஆனா வர்றது என்னன்னு..." என்று நெட்டை இழுத்தான். "தெரியல. டீச்சரைக் கேக்கணும்."

"டீச்சருக்கும் தெரியலன்னா?"

"அவங்க வேற யாரையாவது கேப்பாங்க அத்தை" என்றான் கண்ணாடி, இதில் என்ன இருக்கிறது என்பது போல.

இந்த உலகத்தில் இத்தனை பேர் தெரியாமல் நடமாடுகிறார்கள் என்பது அத்தைக்கு ஆறுதலாக இல்லை. கால் ஊன்றிய பலகை ஆடுகிற மாதிரி இருந்தது. பிடித்துக்கொள்ள மேசை விளிம்பைத் தேடினாள்.

வாசலில் யாரோ செருமினார்கள். பாதி திறந்த கதவில் ஒரு குடை, குடைக்குக் கீழே அச்சகத்தம்மா. கையில் ஒரு துணி மூட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவள் காலடியில் தேங்கியிருந்த தண்ணீரே சொல்லிற்று.

"லீவுன்னு மறந்துட்டேன் அத்தை. சத்தம் கேட்டுது, கடை இருக்குன்னு நினைச்சேன்." அவள் கண் உள்ளே போய்ப் பெண் மேல் நின்றது. "என்ன, பாப்பா ஒண்ணுமே புரியலன்னு கத்தின மாதிரி இருந்துது? என் காதுதான் சரியில்லையோ? முதல்ல நிக்கறான்னு சொன்னீங்களே."

பெண்ணின் முகத்தில் வந்த வெளிச்சம் அணைவதை அத்தை பார்த்தாள். அந்தத் தலை பழையபடி குனியத் தொடங்கியது. உங்க காதுதான் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது கஷ்டமும் இல்லை. ஆயுளுக்கும் பழகிய வார்த்தை. கதவுப் பலகையும் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. சாத்திவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

அத்தை மேசையை விட்டுவிட்டு நேராக நிமிர்ந்தாள். வகுப்பில் முதலில் நிற்கிறாள் என்று சொன்னாளே, அதே குரலில், அதே கம்பீரத்தில் சொன்னாள்:

"உங்க காது நல்லாத்தான் இருக்கு. அவளுக்குப் புரியல. முதல்லயும் நிக்கல, அது நான் தெரியாம சொன்னது. புரியலன்னுதான் கேட்டுட்டு இருக்கா. எனக்கும் புரியல, நானும் கேட்டுட்டு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சா உள்ள வந்து சொல்லுங்க. தெரியலன்னா மூட்டையை வெச்சிட்டுப் போங்க, நாளைக்குப் பார்க்கலாம்."

அச்சகத்தம்மா மூட்டையை வைத்தாள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், குடையைச் சாய்த்துக்கொண்டு மழையில் இறங்கினாள். இன்று மாலைக்குள் இதுவும் தெருவின் இரண்டு முனைக்கும் போய்விடும். போகட்டும் என்று அத்தை நின்றாள். கதவு திறந்தபடியே இருந்தது.

அவள் உள்ளே திரும்பினாள். நெட்டை தன் குடையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"நாளைக்கு டீச்சர்கிட்ட சொல்லிடறோம். மேசை மாத்த வேண்டாம்னு."

"ஆனா ஒண்ணு" என்றாள் லொடலொட. "புதன்கிழமை மேசையில எல்லார் முன்னாடியும் இவ இந்த மாதிரி கேக்கணும். இங்க கேட்ட மாதிரியே. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கக் கூடாது."

"கேப்பா" என்றாள் அத்தை. "எங்க வீட்டுப் பொண்ணு சொன்னா..."

"அத்தை," என்றாள் பெண். "இருங்க. நான் சொல்றேன்."

அத்தை நிறுத்தினாள். தம்பியும் தம்பி மனைவியும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அத்தை பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, கடையில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள்.